கீயர் மோடு மாறினால் கை ஏன் உளறுகிறது? மோர்ஸ் அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த ரேடியோவில் அழகாக மோர்ஸ் அனுப்புகிற ஆள், நண்பரின் ரேடியோவில் உட்கார்ந்தால் முதல் நாள் கற்றவர் மாதிரி தடுமாறுவார். பேடில் (விரலால் தொட்டு மோர்ஸ் அனுப்பும் கருவி) சரியில்லை, மேஜை ஆடுகிறது, ராத்திரி தூக்கமில்லை என்று ஏதேதோ காரணம் சொல்வார். பத்துக்கு எட்டு முறை காரணம் கீயர் மோடுதான், அதாவது நீங்கள் பேடிலைத் தொடுவதையும் விடுவதையும் ரேடியோ எப்படி எடுத்துக்கொள்கிறது என்ற அமைப்பு. ஏ, பி என்று அதில் இரண்டு முக்கிய வகை. இதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டதையும், நானே அடிபட்டுக் கற்றதையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கீயர் என்றால் என்ன? சாதாரண கீ போதாதா?

தாராளமாகப் போதும். தந்தி ஆபீஸில் 'கட்டு கடா' என்று தட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த மேலும் கீழும் போகிற கீயை வைத்துக் காலம் முழுக்க ஓட்டலாம். ஆனால் அதில் டிட் என்கிற குறும் ஒலி எவ்வளவு நீளம், டா என்கிற நெடும் ஒலி எவ்வளவு நீளம் என்பதெல்லாம் உங்கள் மணிக்கட்டின் பொறுப்பு. டிட் ஒரு அளவு என்றால் டா மூன்று அளவு. ஒரு எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு. வேகம் கூடக்கூட இதைக் கையால் காப்பது சிரமம், மணிக்கட்டும் வலிக்கும். எலக்ட்ரானிக் கீயர் இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது: பேடிலில் ஒரு லீவரைத் தொட்டால் சரியான நீளத்தில் டிட், இன்னொன்றைத் தொட்டால் சரியான நீளத்தில் டா, பிடித்துக்கொண்டே இருந்தால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எப்போது தொடுவது, எப்போது விடுவது என்பது மட்டும் உங்கள் வேலை. மோடு பற்றிய சண்டையெல்லாம் அந்த 'எப்போது விடுவது' பற்றித்தான்.

ஐயாம்பிக் என்று ஏன் பெயர்?

கிரேக்க, லத்தீன் யாப்பிலிருந்து வந்த பெயர். குறுகிய அசைக்குப் பின் நீண்ட அசை வந்தால் அவர்களுக்கு ஐயாம்ப். நம் கணக்கில் குறிலும் நெடிலும் சேர்ந்த நிரையசை, அதாவது பலா, விளா மாதிரி. இரண்டு லீவரையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் கீயர் டி-டா-டி-டா-டி-டா என்று மாற்றி மாற்றி அனுப்பும். பலா பலா பலா என்று சொல்லிப் பாருங்கள், அந்தத் தாளம்தான். என்ன, நம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மோர்ஸ் நெடிலுக்கு மூன்று. இப்படிச் சேர்த்து அமுக்குவதை ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர்கள், ஸ்க்வீஸ் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சரி, ஏ மோடுக்கும் பி மோடுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்க்வீஸ் பண்ணிக்கொண்டிருக்கும்போது இரண்டு லீவரையும் ஒரே நேரத்தில் விடுகிறீர்கள். அந்த நொடியில் ஒரு டா ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஏ மோடு அந்த டாவை முடித்துவிட்டு நின்றுவிடும். பி மோடு அந்த டாவை முடித்துவிட்டு, கூடவே ஒரு டிட்டையும் போட்டுவிட்டுத்தான் நிற்கும். ஓடிக்கொண்டிருந்தது டிட் என்றால் கூடுதலாக ஒரு டா வரும். அவ்வளவுதான். வேறு எந்த இடத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

'சி' எழுத்தை எடுத்துக்கொள்வோம், டா-டி-டா-டிட். ஏ மோடில் பழகியவர் கடைசி டிட் ஆரம்பிக்கும் வரை பிடித்திருந்து அப்புறம் விடுவார். பி மோடில் பழகியவர் அதற்கு முந்தைய டாவிலேயே விட்டுவிடுவார், கடைசி டிட்டைக் கீயர் போட்டுக்கொள்ளும். இரண்டு பேர் கையும் அனுப்புவது ஒரே 'சி'. ஆனால் கையில் இருக்கும் நேரக் கணக்கு வேறு.

பி மோடு என்றால் பெரும்பாலும் 1973-இல் க்யூஎஸ்டி என்ற அமெரிக்க ஹாம் இதழில் ஜேம்ஸ் காரெட் எழுதிய அக்யூ-கீயர் என்ற சர்க்யூட்டோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அதை நிறைய பேர் வீட்டில் கட்டினார்கள், அந்தக் கைப்பழக்கம் பரவிவிட்டது. இன்னொரு பக்கம் கர்ட்டிஸ் நிறுவனத்தின் 8044 கீயர் சிப் ஏ மோடை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இரண்டு கட்சியும் விட்டுக்கொடுக்காததால் பின்னால் வந்த 8044ஏபிஎம் சிப்பில் இரண்டையும் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். இன்றைய ரேடியோ மெனுவில் நீங்கள் பார்க்கும் ஏ, பி எல்லாம் அந்தப் பழைய பங்காளிச் சண்டையின் மிச்சம்.

ஒரு டிட் கூடினால், குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஒரு முறை ஏலகிரி மலையில் கம்பி ஆண்டெனா கட்டிவிட்டு, நண்பர் ஒருவரின் ரேடியோவில் அழைத்துக்கொண்டிருந்தேன். நான் ஏ மோடுக்காரன், அவருடையது பி மோடு, அதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. என் அழைப்புக்குறி (ஹாமின் அடையாளப் பெயர்) இந்தியாவில் பலருக்கும் இருப்பதைப் போல வி, யூ, 2 என்று தொடங்கும். 'யூ' என்பது டி-டி-டா. நான் டிட் லீவரைச் சற்று தாமதமாக விடுகிற பழக்கம் உள்ளவன், என் வீட்டுக் கீயரில் அது தெரியவே தெரியாது. பி மோடில் அந்தத் தாமதம் ஒரு டிட்டாக முளைத்து, 'யூ' எல்லாம் டி-டி-டா-டிட், அதாவது 'எஃப்' ஆகிவிட்டது. வி, எஃப் என்று தொடங்கும் குறிகள் கனடாவுக்கு ஒதுக்கப்பட்டவை. கனடா கிடைத்துவிட்டதென்று பதில் சொன்ன ஐரோப்பியருக்கு என்ன சந்தோஷம்! நான் திருத்தத் திருத்த மறுபடியும் 'எஃப்' போகிறது. கடைசியில் நண்பர் கையைப் பிடித்து நிறுத்தி, "நீ என்ன கனடாவிலேயே குடியேறப் போறியா?" என்றார்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பி மோடுக்காரர் ஏ மோடு ரேடியோவில் 'சிக்யூ' என்று பொது அழைப்பு அனுப்புகிறார். 'சி'யின் கடைசி டிட் வராது, அது டா-டி-டா, 'கே' ஆகிவிடும். 'க்யூ'வின் கடைசி டா வராது, அது டா-டா-டிட், 'ஜி' ஆகிவிடும். ஆக மனிதர் ஊரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு 'கேஜி, கேஜி' என்று அனுப்பிக்கொண்டிருப்பார், மளிகைக் கடை மாதிரி. யார் பதில் சொல்வார்கள்?

என் கை ஏ-யா, பி-யா? நான் கவனித்ததே இல்லை.

உங்கள் பிழைகளே சொல்லும். புது ரேடியோவில் எழுத்துகளின் வாலில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா? 'ஏ' அனுப்பினால் 'ஆர்', 'என்' அனுப்பினால் 'கே', 'கே' அனுப்பினால் 'சி' வருகிறதா? அப்படியென்றால் உங்கள் கை ஏ, ரேடியோ பி. வால் அறுந்து போகிறதா? 'ஆர்' அனுப்பினால் 'ஏ', 'சி' அனுப்பினால் 'கே', 'எஃப்' அனுப்பினால் 'யூ' வருகிறதா? உங்கள் கை பி, ரேடியோ ஏ.

முற்றுப்புள்ளி ஒரு நல்ல சோதனை. டி-டா-டி-டா-டி-டா, சுத்தமான ஸ்க்வீஸ். பி மோடுக் கை இதை ஏ மோடில் அனுப்பினால் கடைசி டா விழுந்து, செய்தி முடிந்தது என்று சொல்கிற 'ஏஆர்' குறியாகிவிடும். ஏ மோடுக் கை 'ஏஆர்' குறியைப் பி மோடில் அனுப்பினால் அது முற்றுப்புள்ளி ஆகிவிடும்.

இரண்டு மோடிலும் எந்தப் பிழையுமே வரவில்லை என்றால் நீங்கள் ஸ்க்வீஸ் பண்ணுகிற ஆளே இல்லை, ஒவ்வொரு டிட்டையும் டாவையும் தனித்தனியாகத் தட்டுகிறவர். கீழே ஒற்றை லீவர் பற்றிச் சொல்லும்போது உங்களிடம் வருகிறேன்.

முன்பின் பார்க்காத ரேடியோவில் எந்த மோடு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சிக்னல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல ரேடியோக்களில் பிரேக்-இன் பொத்தானை அணைத்தால் காதில் சத்தம் மட்டும் கேட்கும், ஆண்டெனாவுக்கு ஒன்றும் போகாது. அப்புறம் வேகத்தை நிமிடத்துக்கு 6 சொல் அளவுக்கு இறக்குங்கள். டிட் லீவரை அமுக்கி, உடனே டா லீவரையும் சேர்த்து அமுக்குங்கள். டா ஆரம்பிக்கிற சத்தம் கேட்டதும் இரண்டையும் விடுங்கள். இந்த வேகத்தில் டா அரை நொடிக்கும் மேல் நீளும், அதனால் அவசரம் இல்லை. டாவோடு நின்றால் ஏ. ஒரு டிட் கூட வந்தால் பி. இரண்டையும் விடாமல் பிடித்திருக்கும்போது மாற்றி மாற்றி வராமல் கடைசியாக அமுக்கியதே திரும்பத் திரும்ப வந்தால் அல்டிமேடிக். டா லீவரைப் பிடித்தால் முடிவில்லாமல் ஒரே நீளச் சத்தம் வந்தால் பக் மோடு.

அரை நிமிட வேலை. ஏலகிரியில் நான் இதைச் செய்திருந்தால் ஐரோப்பியருக்கு வீண் ஆசை காட்டியிருக்க மாட்டேன்.

புதிதாகக் கற்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

ஏ. இது என் கருத்து, பி மோடில் பறக்கிற பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. காரணம் எளிது: ஏ மோடில் காதில் கேட்பதும் கை செய்வதும் ஒன்றாக இருக்கும். கை விட்டால் சத்தம் நிற்கும். பி மோடில் இன்னும் கேட்காத ஒரு சத்தத்தை நம்பிக் கையை முன்னாலேயே விட வேண்டும். வேகம் வந்த பின் அது சுகம்தான், மறுக்கவில்லை, ஆனால் ஆரம்பத்தில் தலை சுற்றும். அதோடு, ஏ மோடில் பிழை விட்டால் ஏன் என்று உடனே புரியும். பி மோடில் எங்கிருந்தோ ஒரு டிட் வந்து உட்கார்ந்திருக்கும், அது நீங்கள் போட்டதா கீயர் போட்டதா என்று யோசிப்பதற்குள் அடுத்த எழுத்து போய்விடும்.

ஆனால் உங்களுக்குச் சொல்லித்தருகிறவர் பி மோடுக்காரர், உங்கள் ரேடியோவும் பி என்றால் பேசாமல் பி-யையே கற்றுக்கொள்ளுங்கள். பாதியில் மாறுவதைப் போன்ற தொல்லை வேறு இல்லை.

பழகி முடித்துவிட்டேன். இப்போது வேறு மோடு ரேடியோவில் அனுப்பியாக வேண்டும். கையை மாற்றுவதா?

முதல் பதில்: கையை மாற்றாதீர்கள், மெனுவை மாற்றுங்கள். எலிகிராஃப்ட் கேஎக்ஸ்2, கேஎக்ஸ்3 போன்றவற்றில் ஏ, பி இரண்டும் மெனுவிலேயே இருக்கின்றன. யேசு எஃப்டி-991ஏ மாதிரி ரேடியோக்களில் இன்னும் நீளமான பட்டியலே உண்டு. கென்வுட் டிஎஸ்-590 வரிசையிலும் ஏ, பி தேர்வு இருக்கிறது. இரவல் ரேடியோ என்றால் உரியவரிடம் கேட்டு மாற்றி, எழுந்திருக்கும்போது பழையபடி வைத்துவிடுங்கள். அதை மறந்தால் அடுத்து உட்காருகிறவருக்கு அதே கனடா கதை.

மெனு இல்லை, அல்லது மாற்ற முடியவில்லை என்றால், ஸ்க்வீஸை விட்டுவிடுங்கள். முழுக்க வேண்டாம், எழுத்தின் கடைசியில் மட்டும். மோடு வித்தியாசம் எல்லாம் இரண்டு லீவரும் சேர்ந்து மூடியிருக்கும்போது மட்டுமே வரும். எழுத்தின் கடைசி டிட் அல்லது டா ஓடும்போது ஒரே லீவர் மட்டும் மூடியிருந்தால் ஏ-யும் பி-யும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே வேலையைத்தான் செய்யும். 'சி'க்கு இரண்டு லீவரையும் மொத்தமாகப் பிடிக்காமல் டா, டிட், டா, டிட் என்று நான்கு தட்டு. 'க்யூ'வுக்கு டா லீவரைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு, இரண்டாவது டா ஓடும்போது டிட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே விரலை எடுத்துவிடுவது. 'எஃப்'புக்கு அதே மாதிரி டிட்டைக் கடைசி வரை பிடித்து, இரண்டாவது டிட்டில் டாவை ஒரு தட்டு. இப்படி அனுப்பினால் எந்த மோடிலும் அதே எழுத்துதான் வரும். விரலுக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

நான் இப்போது வெளியூரில் எப்போதும் இப்படித்தான் அனுப்புகிறேன். வீட்டில் ஸ்க்வீஸ், வெளியில் தட்டு. சாப்பாட்டுக்கு வீட்டில் தரை, கல்யாண வீட்டில் நாற்காலி என்று பழகிக்கொள்கிற மாதிரி.

சிலர் இரண்டு மோடும் சரளமாக வேண்டும் என்பார்கள். முடியும், ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது முதல் பத்து நிமிடம் கண்டிப்பாக உளறும். அந்தப் பத்து நிமிடத்தைப் பிரேக்-இன் அணைத்து உங்கள் காதோடு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு 'ஏ, என், ஆர், கே, சி, யூ, எஃப், க்யூ', முற்றுப்புள்ளி, 'ஏஆர்', தொடர்பு முடிந்தது என்கிற 'எஸ்கே', உங்கள் அழைப்புக்குறி, இவை போதும். 'ஈ', 'டி' (ஒற்றை டா), 'எஸ்', 'ஓ' எல்லாம் எந்த மோடிலும் ஒன்றுதான், அவற்றை அனுப்பி நேரம் வீணாக்காதீர்கள்.

மெதுவாக அனுப்பினால் தொல்லை குறையுமா?

குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. டிட்டின் நீளம் மில்லிநொடியில் வேண்டுமானால் 1200-ஐ வேகத்தால் வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 12 சொல் என்றால் 100 மில்லிநொடி, 20 என்றால் 60, 30 என்றால் 40. ஆக 20-இல் ஏ மோடுக்காரர் கடைசி டிட் ஆரம்பித்ததிலிருந்து அது முடிந்து அடுத்த இடைவெளி தீர்வதற்குள் விட வேண்டும், மொத்தம் சுமார் 120 மில்லிநொடி. இதை யோசித்துச் செய்ய முடியாது, பழக்கத்தில்தான் நடக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வேகமாக அனுப்பிப் பழகிய கையை ரொம்ப மெதுவான கீயரில் உட்காரவைத்தாலும் உளறும். கை முன்னாலேயே போய்விடும், கீயர் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். புது ரேடியோவில் முதலில் உங்கள் வழக்கமான வேகத்தை வையுங்கள், அதிலிருந்து இரண்டு மூன்று சொல் மட்டும் இறக்குங்கள். பாதியாக்காதீர்கள்.

இரண்டு ரேடியோவும் பி மோடுதான். ஆனாலும் ஒன்று கைக்கு ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்டவில்லை. பிரமையா?

பிரமை இல்லை. பி என்று ஒரே பெயர் போட்டாலும், எதிர் லீவர் அமுங்கியிருக்கிறதா என்று கீயர் எந்த நேரத்தில் பார்க்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சில கீயர்கள் டா ஆரம்பித்த உடனேயே பார்க்க ஆரம்பிக்கும், சில கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பொறுத்துப் பார்க்கிறவை, லீவரைச் சற்று தாமதமாக விடுகிற என்னைப் போன்றவர்களை மன்னித்துவிடும். உடனே பார்க்கிறவை மன்னிக்காது.

இதோடு டிட் மெமரி, டா மெமரி என்று ஒன்று உண்டு. டா ஓடிக்கொண்டிருக்கும்போதே டிட்டை ஒரு தட்டு தட்டி எடுத்துவிடுகிறீர்கள். மெமரி இருந்தால் கீயர் அதை நினைவில் வைத்து டா முடிந்ததும் போடும், 'என்' வரும். மெமரி இல்லையென்றால் டா முடிகிற நேரத்தில் லீவர் திறந்திருக்கிறது என்று பார்த்து ஒன்றும் போடாது, 'டி' மட்டும் வரும். மேலே சொன்ன தட்டு முறை முழுக்க இந்த மெமரியை நம்பித்தான் இருக்கிறது. தட்டினது தட்டினதாக வராமல் விழுங்கப்பட்டால் மோடைத் திட்டாமல் மெமரி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அல்டிமேடிக் என்று ஒரு மோடு மெனுவில் இருக்கிறதே?

ஜான் கே என்ற அமெரிக்க ஹாம் 1950-களில் க்யூஎஸ்டி இதழில் எழுதியது. விதி ஒன்றே ஒன்று: கடைசியாக யார் வந்தாரோ அவருக்கே முதல் மரியாதை. இரண்டு லீவரும் அமுங்கியிருந்தால் மாற்றி மாற்றி வராது, கடைசியாக அமுக்கியதே திரும்பத் திரும்ப வரும். அதை விட்டால் முதலில் அமுக்கியதற்குத் திரும்பும்.

'பி' எழுத்தை எடுத்துக்கொள்வோம், பி மோடின் 'பி' அல்ல, டி-டா-டா-டிட் என்று போகிற எழுத்தைச் சொல்கிறேன். டிட்டைப் பிடி, டாவைச் சேர்த்துப் பிடி, இரண்டு டா போனதும் டாவை மட்டும் விடு, டிட் தானே வந்து முடிக்கும். 'எக்ஸ்' அதன் கண்ணாடி பிம்பம், டாவைப் பிடித்து நடுவில் டிட் இரண்டு. 'ஜே', '1', '2' எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் 'சி'க்கும் முற்றுப்புள்ளிக்கும் பலா பலா கிடையாது, தனித்தனியாகத் தட்ட வேண்டியதுதான். வின்கீயர் போன்ற தனிக் கீயர்களில் இந்த மோடு இருக்கிறது, பல ரேடியோக்களின் உள்ளே இருக்கும் கீயர்களில் இருக்காது. அதனால் அருமையான மோடு என்றாலும், இதை மட்டுமே பழகினவர் எங்கே போனாலும் சொந்தக் கீயரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பக் மோடு?

1904-இல் ஹொரேஸ் மார்ட்டின் காப்புரிமை வாங்கிய வைப்ரோபிளெக்ஸ் கீயை எலக்ட்ரானிக்ஸில் நடித்துக் காட்டுவது. அந்தக் கருவியில் மின்சாரக் கீயர் எதுவும் இல்லை, ஒரு எடை கட்டிய கம்பி அதிர்ந்து டிட்களை வரிசையாகப் போடும், டாவை நீங்களே கையால் நீட்ட வேண்டும். பக் மோடும் அப்படியே. டாவை இழுத்து இழுத்துப் பாட்டு மாதிரி அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு இது. ஐயாம்பிக் கை இதில் உட்கார்ந்தால் 'ஓ' அனுப்பும்போது ஒரே நீளமாக ஊளை வரும், பயந்துவிடாதீர்கள்.

ஒற்றை லீவர் பேடில் வைத்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவையில்லை. ஒரே லீவர் இடம் வலமாகப் போகிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூட வழியே இல்லை. ஆக ஸ்க்வீஸ் இல்லை, ஸ்க்வீஸ் இல்லையென்றால் ஏ, பி சண்டை இல்லை. எங்கே போய் உட்கார்ந்தாலும் உங்கள் கை உங்கள் கையாகவே இருக்கும். உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். டிட் மெமரி மட்டும் உங்களுக்கும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யேசு மெனுவில் எலிகீ-ஒய், ஏசிஎஸ் என்றெல்லாம் இருக்கிறதே, அது என்ன?

எலிகீ-ஏ, எலிகீ-பி நமக்குத் தெரிந்தவை. எலிகீ-ஒய் பி-யின் நெருங்கிய உறவு. டா ஓடும்போது முதலில் வரும் டிட்டை அது நினைவில் வைக்காது, ஆகவே கை தவறிப் பட்ட டிட் முளைக்காது. பி மோடில் வால் முளைக்கிற தொல்லை இருப்பவர்கள் ஒரு நாள் இதை முயன்று பார்க்கலாம். ஆனால் டாவுக்குள் டிட்டைத் தட்டி நுழைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

ஏசிஎஸ் எழுத்துகளுக்கு நடுவே சரியாக ஒரு டா அளவு இடைவெளியைத் தானே போடும். நீங்கள் சீக்கிரம் தொட்டாலும் காத்திருந்துதான் அடுத்த எழுத்தை ஆரம்பிக்கும். எழுத்துகளை ஒட்டி ஒட்டி அனுப்புகிறவர்களுக்கு நல்ல வாத்தியார். ஆனால் எழுத்துக்குள்ளேயே ஒரு கணம் தயங்கினால், எழுத்து முடிந்தது என்று அது முடிவு கட்டி 'சி'யை 'என்' 'என்' என்று இரண்டாக வெட்டிவிடும்.

பிழை மோடாலா, பேடிலாலா என்று எப்படிப் பிரிப்பது?

எப்போதும் எழுத்தின் வாலில் வந்தால் மோடு. எங்கெங்கோ வந்தால் பேடில். நான் ஆக்ஸா பிளேடு இரண்டை மரக்கட்டையில் திருகி முதல் பேடில் செய்தேன், மழைக்காலத்தில் காண்டாக்ட் துருப்பிடித்து டா எல்லாம் பொரிந்து பொரிந்து வந்தது, நான் பாவம் ஒரு வாரம் மோடை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காண்டாக்டுகளுக்கு நடுவே ஒரு தாளை வைத்து, மூடி, இழுத்துத் துடைத்தால் பாதி வியாதி போய்விடும்.

காண்டாக்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் முக்கியம். இடைவெளி அதிகமாக இருந்தால் லீவர் மூடுகிற இடத்துக்கு விரல் போகத் தாமதமாகும், கையின் நேரக் கணக்கு பிசகும். குறுக்கினால் அதே கையில் அதே மோடில் பிழை குறைகிறதைப் பார்ப்பீர்கள். ரொம்பக் குறுக்கினால் மூச்சு பட்டாலே டிட் வரும், அதுவும் வேண்டாம்.

யூபிட்எக்ஸ் வைத்திருக்கிறேன், அதில் என்ன செய்வது?

ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த அந்த ரேடியோவின் செட்டப் மெனுவில் கை கீ, ஐயாம்பிக் ஏ, ஐயாம்பிக் பி மூன்றும் இருக்கின்றன. அதில் பேடிலின் இரண்டு கம்பிகளும் ரெசிஸ்டர்கள் வழியே ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகையின் ஒரே அனலாக் காலுக்குப் போகின்றன, எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்று பார்த்துத்தான் டிட்டா, டாவா, இரண்டுமா என்று அது புரிந்துகொள்கிறது. அதனால் காண்டாக்டில் அழுக்கு இருந்தாலோ ரெசிஸ்டர் மதிப்பு பிசகினாலோ ஸ்க்வீஸ் பண்ணினால் டிட் மட்டும், அல்லது டா மட்டும் வரலாம். அது மோடு பிரச்சினை மாதிரியே தோன்றும். முதலில் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள்.

சொந்தக் கீயரை எடுத்துப்போய் மற்றவர் ரேடியோவில் மாட்டலாமா?

அதுதான் எல்லாவற்றிலும் நிம்மதி. தீப்பெட்டி அளவு ஆர்டுவினோ கீயர் சட்டைப்பையில் போய்விடும். இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, ரேடியோவின் உள் கீயரை அணைத்து, கை கீ என்று வையுங்கள். மறந்தால் உங்கள் கீயர் போடும் ஒவ்வொரு டாவையும் ரேடியோ டிட் லீவர் அமுங்கியதாக நினைத்து டிட்களாகப் பொடியாக்கும். இரண்டு கீயரும் ஒரே வேகத்தில் இருந்தால், நீங்கள் டா-டி-டா என்று அனுப்பும் 'கே', வெளியே ஐந்து டிட்டாக, எண் 5 ஆகப் போகும்.

இரண்டு, பிளக். பேடிலுக்குப் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக். வழக்கமாக நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி கிரவுண்ட். கீயரின் வெளிவாயிலில் மோனோ பிளக் இருந்து, ரேடியோ இன்னும் பேடில் மோடில் இருந்தால், மோனோவின் அடிப்பகுதி வளையத்தையும் கிரவுண்டோடு சேர்த்துவிடும். செருகிய கணமே டா-டா-டா-டா என்று நிற்காமல் ஓட ஆரம்பிக்கும். நீங்கள் பேடிலைத் தொடவே இல்லை, ஆனால் ரேடியோ உரியவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பிளக்கை உருவிவிட்டு மெனுவுக்குப் போங்கள்.